ரோல் தளரக் கூடாது
பழைய கேமராவில் 120 பிலிம் போடுபவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பரணிலிருந்து ஆக்ஃபா கிளிக் 3 கேமரா ஒன்று இறங்கி வருகிறது. தாத்தா வாங்கியது. தோல் உறை இற்றுப்போயிருக்கிறது, ஆனால் பொத்தானை அமுக்கினால் 'டிக்' என்று ஷட்டர் அடிக்கிறது. "இதுக்கு இப்பவும் பிலிம் கிடைக்குமா?" என்று உடனே கேட்பார்கள். கிடைக்கும். கோடக் நிறுவனம் 1901-ல் தன் நம்பர் 2 பிரவுனி கேமராவுக்காகக் கொண்டுவந்த 120 ரோல் இன்றும் அதே அகலத்தில் வருகிறது. இங்கிலாந்தில் இல்ஃபோர்டு, அமெரிக்காவில் கோடக், செக் நாட்டில் ஃபோமா என்று தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். பிலிம் கிடைப்பதில் சிக்கல் இல்லை. அதைக் கேமராவில் போடவும் எடுக்கவும் சொல்லித் தர ஆள் கிடைப்பதில்தான் சிக்கல். அந்த நாள் ஸ்டுடியோக்காரர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தார்கள். இன்று ஊருக்கு ஒருவர் மிஞ்சினால் பெரிது.

முதலில் ரோல் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 35 மி.மீ. பிலிமுக்கு உலோக டப்பா உண்டு. அதன் வாயில் வெல்வெட் ஒட்டி வெளிச்சத்தைத் தடுத்திருப்பார்கள். 120-க்கு டப்பா கிடையாது. ஏறக்குறைய 6 செ.மீ. அகலமுள்ள பிலிம் நாடா ஒன்று, அதைவிட நீளமான காகித நாடாவின் மேல் படுத்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஸ்பூலில் சுற்றப்பட்டிருக்கின்றன. பிலிமும் காகிதமும் ஒட்டியிருப்பது ஒரே ஒரு முனையில்தான். அந்தக் காகிதமும் ஸ்பூலின் இரண்டு வட்டத் தட்டுகளும் மட்டுமே வெளிச்சத்தைத் தடுக்கின்றன. சுற்று இறுக்கமாக இருக்கும்வரை பிலிம் பத்திரம். கொஞ்சம் தளர்ந்தாலும் தட்டுக்கும் காகிதத்துக்கும் நடுவே வெளிச்சம் புகுந்துவிடும்.

என் முதல் ரோல் அப்படித்தான் போனது. மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, உச்சி வெயிலில், யாஷிகா மேட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோல் போட்டேன். ஒட்டுக்காகிதத்தைக் கிழித்ததும் கட்டைவிரலை எடுத்துவிட்டேன். கடிகாரச் சுருள்வில் போல ரோல் விரிந்தது. உடனே இறுக்கிச் சுற்றிப் போட்டுவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கழுவி வந்த நெகட்டிவில் முதல் நாலைந்து படங்களின் இரண்டு ஓரமும் சீப்புப் பற்கள் போலக் கறுத்திருந்தன. நெகட்டிவில் கறுப்பு என்றால் பிரின்ட்டில் வெள்ளை. அம்மா ஓரமாக நின்றிருந்த படத்தில் அவர் தோள்வரை வெள்ளை ஏறியிருந்தது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கீழே வரும் ஒவ்வொன்றையும் அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ரோல் வாங்கும் முன்

கேமரா எந்த ரோலைக் கேட்கிறது என்று பாருங்கள். பின்மூடியின் உட்புறத்திலோ ஸ்பூல் உட்காரும் குழியிலோ எழுதியிருக்கும். கிளிக் 3, யாஷிகா மேட், ரோலிகார்டு, லூபிடெல், ஆக்ஃபா ஐசோலெட் எல்லாமே 120. பெயரில் 'சிக்ஸ்-20' என்று இருக்கும் கோடக் கேமராக்களுக்கு 620. உள்ளங்கையில் அடங்கும் சில பிரவுனிகளுக்கு 127. அது அகலமே குறைந்த வேறு ரோல் என்பதால் அந்தக் கேமராவில் 120 நுழையாது.

620 கேமராவில் 120 ஸ்பூலைத் திணிக்காதீர்கள். பிலிமும் காகிதமும் இரண்டிலும் ஒரே அகலம்தான். 620-ன் ஸ்பூல் மட்டும் மெலிந்தது, தட்டும் சிறியது. கோடக் 1995-ல் 620-ஐ நிறுத்திவிட்டது. தட்டின் ஓரத்தைக் கத்தரித்து 120 ஸ்பூலையே நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. பிசிறு நிற்கும், சுற்றும்போது இறுகும், பாதி ரோலில் நின்றுபோகும். இருட்டறையில் 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றிக்கொள்வதே சரி. இரண்டு காலி 620 ஸ்பூல் வேண்டும். முதலில் 120-லிருந்து ஒரு 620 ஸ்பூலுக்குச் சுற்றுங்கள், இப்போது ரோல் தலைகீழாக இருக்கும். அங்கிருந்து இரண்டாவது 620 ஸ்பூலுக்குச் சுற்றினால் சரியாகிவிடும். இந்த இரண்டாம் சுற்றின் கடைசியில், பிலிம் காகிதத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தில் மேடு தட்டும். ஒட்டுநாடாவை மெல்ல உரித்து, பிலிமை நீவி, மறுபடி ஒட்டிவிட்டு மேலே சுற்றுங்கள். மேட்டை அப்படியே அமுக்கிச் சுற்றினால் பிலிம் மடிந்துபோகும். எல்லாம் கும்மிருட்டில், கை உணர்விலேயே நடக்க வேண்டும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இந்த வேலைக்கு அரைமணி நேரம் ஒதுக்கிவிட்டு உட்காருங்கள்.

220 ரோல் எங்காவது கிடைத்தால், எண் பார்க்க முதுகில் சிவப்புச் சன்னல் உள்ள கேமராவில் போடாதீர்கள். அந்த ரோலில் பிலிமுக்குப் பின்னால் காகிதமே கிடையாது, தலைப்பிலும் வாலிலும் மட்டும்தான் உண்டு. சன்னல் வழியே வெளிச்சம் நேராகப் பிலிமில் விழும்.

பிலிம் இல்லாமல் ஷட்டரைச் சோதியுங்கள். பின்மூடியைத் திறந்து, ஜன்னல் பக்கம் காட்டி, ஒவ்வொரு வேகத்திலும் அடித்துப் பாருங்கள். ஒரு நொடி என்றால் ஒரு நொடியாகக் காதில் கேட்க வேண்டும். பழைய எண்ணெய் இறுகிப்போன ஷட்டர்களில் மெதுவான வேகங்கள்தான் முதலில் படுத்துக்கொள்ளும், பாதியில் முனகி நிற்கும். 1/100-க்கு மேலே நன்றாக இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு அதுவே போதும்.

மடிப்புக் கேமராவாக இருந்தால், துருத்தியைக் கட்டாயம் பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, துருத்தியை முழுக்க விரித்து, பின்பக்கம் வழியாகச் சிறிய டார்ச்சை உள்ளே விட்டு வெளியிலிருந்து பாருங்கள். மூலைகளில் நட்சத்திரம் போலப் பொட்டு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. ஐசோலெட் கேமராக்களின் துருத்தி இந்த விஷயத்தில் பெயர்போனது. மணிமணியான லென்ஸ் இருக்கும், துருத்தி சல்லடையாக இருக்கும். ஒன்றிரண்டு ஓட்டை என்றால் கறுப்புத் துணிச்சாயத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு அடைக்கலாம். மூலைக்கு மூலை விட்டிருந்தால் துருத்தியையே மாற்ற வேண்டியதுதான்.

லென்ஸுக்குப் பின்னாலும் டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை போல இழை ஓடியிருந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்த கேமராவில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிலிம் ஓடும் உருளைகளைத் துடையுங்கள். மெரினா மணல் ஒரு துகள் உருளையில் ஒட்டியிருந்தால் போதும், பிலிமின் நீளம் முழுக்க ஒரு கோடு விழும்.

பழகுவதற்கு ஒரு ரோல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கழுவிக் கொடுக்கும் இடத்தில் பின்காகிதத்தையும் ஸ்பூலையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். கேட்டு வாங்கி வாருங்கள். காகிதத்தை மட்டும் ஸ்பூலில் சுற்றி, பட்டப்பகலில் பத்து முறை போட்டு எடுங்கள். கைக்கு வந்த பிறகு நல்ல பிலிமைத் தொடுங்கள்.

ரோல் போடும்போது

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் உறையைக் கிழிக்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் உறையோடு வெளியே இருக்கட்டும். குளிர்ந்த பிலிமில் நம் ஊர்க் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். காகிதத்தின் பின்னால் அச்சடித்த எண்கள் அந்த ஈரத்தில் பிலிமில் ஒற்றிக்கொண்டு, படத்தின் வெறும் வானத்தில் '7' என்று தெரியும். நான் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சுற்றி எடுக்கும் பக்கத்தில் காலி ஸ்பூல் இருக்கிறதா என்று பாருங்கள். 120 ரோலைத் திரும்பச் சுற்றுவது கிடையாது. ஒரு ஸ்பூலிலிருந்து கிளம்பி இன்னொரு ஸ்பூலில் போய்ச் சேர்ந்துவிடும். காலியாகும் ஸ்பூல் அடுத்த ரோலுக்கு வேண்டும். பரணில் கிடந்த கேமராவில் பெரும்பாலும் அது இருக்காது, யாரோ குழந்தை எடுத்து விளையாடியிருக்கும்.

வெயிலில் நின்று போடாதீர்கள். மரநிழல், வீட்டுத் திண்ணை, குடை எது கிடைத்தாலும் சரி. ஒன்றும் இல்லையென்றால் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று உங்கள் உடம்பு நிழலிலேயே போடுங்கள். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தாலே அரைப்பங்கு சேதம் குறைந்திருக்கும்.

ரோலை அதன் குழியில் உட்கார வைத்த பிறகு ஒட்டுக்காகிதத்தைப் பிரியுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பிரித்தால் தளர்ந்துவிடும். குழிக்குள் வைத்து, கட்டைவிரலால் ரோலின் வயிற்றை அழுத்திக்கொண்டு பிரித்தால் தளர இடமில்லை. பின்மூடியை மூடும்வரை அந்தக் கட்டைவிரல் எடுபடக் கூடாது.

பிரித்த ஒட்டுக்காகிதத்தைச் சட்டைப் பையில் போடுங்கள். கேமராவுக்குள் விழுந்து கிடந்தால் அது பிலிமுக்கு முன்னால் வந்து நிற்கும், படத்தில் அந்த இடம் வெறுமையாகிவிடும்.

எண்கள் அச்சடித்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், வெறும் கறுப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். ரோலைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஷட்டர் திறந்து வெளிச்சம் காகிதத்தில்தான் விழும். பன்னிரண்டு படமும் வெற்று.

காகிதத்தின் நாக்கைக் காலி ஸ்பூலின் நீளத் துளையில் நடுவாக நுழையுங்கள். குமிழைத் திருப்பி இரண்டு சுற்றுப் போனபின் நிறுத்தி, காகிதம் நேராக ஏறுகிறதா என்று உற்றுப் பாருங்கள். பாய் சுருட்டும்போது தொடக்கத்தில் ஒரு நூல் கோணினாலும் முடிவில் ஒரு பக்கம் நீட்டிக்கொள்ளும் அல்லவா, அதேதான் இங்கும். ஓரம் தட்டின் மேல் ஏறிச் சுருங்கினால் கடைசிப் படங்களில் வெளிச்சம் புகும். கோணலாகத் தெரிந்தால் தயங்காமல் நாக்கை வெளியே எடுத்து மறுபடி நுழையுங்கள். பிலிம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, காகிதம் தாராளமாக நீளமுண்டு.

யாஷிகா மேட், ரோலிகார்டு போல எண்ணைத் தானே எண்ணும் கேமராவில், காகிதத்தில் குறுக்கே வரும் அம்புக்குறி கேமராவின் ஓரத்திலுள்ள குறியோடு சேரும்வரை சுற்றி, சேர்ந்த இடத்தில் நிறுத்தி மூடியை மூடுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் எல்லாப் படங்களும் இடம் தள்ளி விழும். பிறகு கைப்பிடியை அது தானாக நிற்கும்வரை சுற்றினால் '1' வந்து நிற்கும்.

ரோலிஃப்ளெக்ஸ் ஆட்டோமேட் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைப் படியுங்கள். கீழ்க்குழிக்கு அருகே இரண்டு உருளைகள் இணையாக இருக்கும். காகிதம் அவற்றுக்கு நடுவே நுழைந்து போக வேண்டும். காகிதத்தோடு பிலிம் வந்து சேரும்போது கூடும் தடிமனை அந்த உருளைகள்தான் உணர்ந்து எண்ணத் தொடங்குகின்றன. மேலாகப் போட்டுவிட்டால் கேமராவுக்குப் பிலிம் வந்ததே தெரியாது. கைப்பிடி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், முழு ரோலும் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

யாஷிகா மேட் 124ஜி-யில் பிலிமை அழுத்தும் தகட்டைப் பாருங்கள். பெயரிலுள்ள 12, 24 என்பவை 120-ன் பன்னிரண்டு படத்தையும் 220-ன் இருபத்துநான்கு படத்தையும் குறிக்கின்றன. தகட்டை நகர்த்தி மாற்றலாம். யாரோ ஒருவர் 24-ல் விட்டிருப்பார். 12-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மூடிய பிறகு, "சரியா ஓடுதா பாக்கலாம்" என்று திறக்காதீர்கள். சுற்றும் குமிழ் வழுக்கினாலோ மாட்டிக்கொண்டாலோ இருட்டறைக்குப் போங்கள், அல்லது ராத்திரியில் ஜன்னலை அடைத்த அறையில் கனத்த போர்வைக்குள் கையை விட்டுச் சரிபாருங்கள்.

சிவப்புச் சன்னல்

கிளிக் 3 போன்ற எளிய கேமராக்களின் முதுகில் ஒரு சின்ன சிவப்புக் கண்ணாடி இருக்கும். காகிதத்தின் எண் அதில் வரும்வரை சுற்ற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஏன் சிவப்பு என்றால், அந்தக் காலப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. இன்றைய கறுப்பு வெள்ளைப் பிலிம் அநேகமாக எல்லாவற்றுக்கும் சிவப்பு தெரியும், வண்ணப் பிலிமுக்குக் கேட்கவே வேண்டாம். போதாததற்கு ஐம்பது அறுபது வருஷத்தில் அந்தச் சிவப்பே வெளுத்து ரோஸ் நிறமாகியிருக்கும்.

சன்னலைத் திறந்து விட்டு வைக்காதீர்கள். மூடி இருந்தால் எண் பார்க்கும் நேரம் தவிர மூடியே இருக்கட்டும். மூடி இல்லாத கேமராவில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஒரு முனையை மடித்துப் பிடி போல விட்டுக்கொள்ளுங்கள். படம் எடுத்தபின் நிழலில் டேப்பைத் தூக்கிப் பார்த்துச் சுற்றி, மறுபடி ஒட்டிவிடலாம்.

எந்த வரிசை எண் என்று குழம்ப வேண்டாம். காகிதத்தில் மூன்று வரிசை எண்கள் ஓடும். 6×9 அளவுக்கு 8 படம், 6×6 சதுரத்துக்கு 12, 6×4.5-க்கு 16. சன்னல் எந்த வரிசைக்கு நேரே இருக்கிறதோ அதுதான் உங்கள் வரிசை. சதுரப் படக் கேமராவில் அது நடு வரிசையாக இருக்கும்.

மெதுவாகச் சுற்றுங்கள். முதல் எண் வரும்வரை நெடுநேரம் வெறும் காகிதமும் குறிகளும்தான் ஓடும். "ரோல் மாட்டலையோ" என்று பயந்து பின்மூடியைத் திறந்தவர்கள் பலர். பொறுமையாக இருங்கள். பெரும்பாலான ரோல்களில் எண்ணுக்குச் சற்று முன்னால் புள்ளிகள் வந்து எச்சரிக்கும். அங்கிருந்து விரல் நுனியால் நகர்த்துங்கள்.

எண்ணைத் தாண்டிவிட்டால் பின்னோக்கிச் சுற்றாதீர்கள். பின்னால் சுற்றினால் ரோல் தளரும். படத்துக்குப் படம் கொஞ்சம் இடைவெளி கூடும், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

படம் எடுக்கும்போது

சுற்றுவதற்கு ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேமராக்கள் பலவற்றில் பிலிமைச் சுற்றாமலேயே ஷட்டரை மறுபடி அடிக்கலாம். தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்து, தேரின் மேல் தங்கையின் முகம் உட்கார்ந்திருக்கும். அடித்த கையோடு சுற்றுவது ஒரு வழி, அடிப்பதற்குச் சற்றுமுன் சுற்றுவது இன்னொரு வழி. எளிய பெட்டிக் கேமராவில் முதல் வழி நல்லது. மடிப்புக் கேமராவில் இரண்டாவதுதான் சரி, காரணம் அடுத்து வருகிறது.

மடிப்புக் கேமராவை 'படக்'கென்று திறக்காதீர்கள். துருத்தி விரியும்போது காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பில் பிலிம் முன்பக்கம் உப்பும், தூசியும் வரும். கதவை ஒரு கையால் தாங்கி மெல்ல விரியுங்கள். திறந்த பிறகு சுற்றினால் பிலிம் மறுபடி விறைப்பாகப் படியும், படத்தின் நடுப்பகுதி மங்காது.

பழைய ஷட்டரில் செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள். பாதியில் நின்றால் ஷட்டரே மாட்டிக்கொள்ளும், பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். மிக வேகமான 1/500 போன்ற எண்ணை ஷட்டரை ஏற்றுவதற்கு முன்னால் வையுங்கள். பழைய காம்பர் ஷட்டர்களில் அந்த வேகத்துக்குக் கூடுதல் சுருள்வில் ஒன்று உண்டு, ஏற்றிய பிறகு திருப்பினால் முரண்டு பிடிக்கும். கீவ் 88-ல் இதற்கு நேர்மாறு. அதில் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஆகவே எந்தக் கேமராவானாலும் அதன் கையேட்டைத் தேடிப் படித்துவிடுங்கள்.

ஹாசல்பிளாட் இரவல் கிடைத்தால், லென்ஸும் உடம்பும் இரண்டுமே ஏற்றிய நிலையில் இருக்கும்போது மட்டும் லென்ஸை மாட்டுங்கள், கழற்றுங்கள். ஒன்று ஏற்றி ஒன்று ஏற்றாமல் இருந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். மறைப்புத் தகட்டை உருவிய பிறகு அதைத் தரையில் வைக்க வேண்டாம், மணலோடு திரும்பி உள்ளே போகும்.

வெளிச்சத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மீட்டர் இல்லாவிட்டாலும் பளிச்சென்ற வெயிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில். 100 பிலிமுக்கு 1/100 அல்லது 1/125. மேகம் லேசாக மூடினால் 11, நன்றாக மூடினால் 8, திறந்தவெளி நிழலில் 5.6. கிளிக் 3 போன்றவற்றில் ஷட்டர் வேகத்தை மாற்ற முடியாது என்பதால் 100 பிலிம் போட்டு வெயிலில் எடுங்கள். 400 போட்டால் வெளிச்சம் அதிகமாக விழும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு பிலிம் தாங்காது. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தந்த 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல்களில்தான் நம் வீட்டுப் பழைய ஆல்பங்கள் பலவும் எடுக்கப்பட்டன. அந்தப் படங்களில் தாத்தா பாட்டியெல்லாம் முற்றத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்கு, எளிய கேமராவுக்கு வெயில் வேண்டியிருந்ததுதான் காரணம்.

கேமராவை வயிற்றோடு சேர்த்து, கழுத்துப்பட்டையை விறைப்பாக இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கி அழுத்துங்கள். எளிய கேமராக்களின் ஷட்டர் மெதுவானது. மங்கிப்போன பழைய படங்கள் பாதிக்குக் கை ஆடியதே காரணம்.

ரோலைப் பாதியில் மாதக்கணக்கில் விட்டு வைக்காதீர்கள். யாஷிகா மேட் போன்ற ரெட்டைக்கண் கேமராவில் பிலிம் உருளையைச் சுற்றி வளைந்து நிற்கும். நாள்பட்டால் அந்த வளைவு பிலிமில் தங்கி, அடுத்த படத்தில் ஒரு பட்டை மங்கலாக விழும். பன்னிரண்டே படம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.

ரோல் முடிந்ததும்

கடைசிப் படம் எடுத்ததும் திறக்காதீர்கள், சுற்றிக்கொண்டே இருங்கள். இழுவை குறைந்து குமிழ் சட்டென்று லேசாகும், சிவப்புச் சன்னலில் காகிதத்தின் வால் ஓடி மறையும். அதன்பிறகும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

திறந்தவுடன் கட்டைவிரல் மறுபடி ரோலின் வயிற்றுக்குப் போகட்டும். ரோல் போடும்போது எவ்வளவு கவனமோ அதைவிட இருமடங்கு இப்போது வேண்டும். அப்போது இழந்தால் பிலிம் மட்டும்தான், இப்போது இழந்தால் படங்கள். வெளியே எடுத்ததும் காகிதத்தின் நுனியை உள்பக்கமாக மடித்து, அதிலுள்ள ஒட்டுப்பட்டையைத் தபால்தலை ஒட்டுவதுபோல் நாக்கில் நனைத்து இறுக்கி ஒட்டுங்கள். சில நிறுவனங்களின் ரோலில் நனைக்கத் தேவையில்லை, உரித்து ஒட்டினால் போதும். 'எக்ஸ்போஸ்டு' என்று அச்சடித்த பட்டை வெளியே தெரிந்தால் ரோல் முடிந்தது என்று அர்த்தம்.

தளர்ந்து கனத்துப்போன ரோலை இழுத்து முறுக்கி இறுக்காதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு தூசியும் பிலிமின் மேல் உரசிக் கோடு போடும். தளர்ந்தது தளர்ந்ததுதான். அப்படியே ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றி, இருட்டு டப்பாவில் போட்டு, முதல் வேலையாகக் கழுவக் கொடுங்கள்.

சித்திரை மாதத்தில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ரோலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எடுத்த படம் கழுவும்வரை பிலிமில் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கிறது. சூடு அதைத் தின்றுவிடும்.

விமானத்தில் போனால் ரோலைக் கைப்பையில், தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். சரக்குப் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். சில நிலையங்களில் இப்போது வந்திருக்கும் சிடி ஸ்கேனர்கள் பழைய எக்ஸ்ரே கருவிகளைவிடப் பிலிமுக்குக் கெடுதல்.

வீட்டிலேயே கழுவுபவர்கள் பிலிமைச் சுற்றும் சட்டத்தைத் துளி ஈரமில்லாமல் உலர்த்திக்கொள்ளுங்கள். 120 அகலமான பிலிம், ஈரச் சட்டத்தில் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. குழாய்த் தண்ணீர் 30 டிகிரி இருக்கும் நம் ஊரில் 20 டிகிரிக்கான நேரத்தை அப்படியே போட்டால் நெகட்டிவ் கருத்துவிடும். மருந்துப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிர்வியுங்கள்.

பழைய கேமராவைத் திறக்கும் முன் இதையும் மறக்காதீர்கள். உள்ளே யாரோ பாதியில் விட்ட ரோல் இருக்கலாம். சிவப்புச் சன்னலில் ஏதாவது எண் தெரிகிறதா என்று நிழலில் பாருங்கள், குமிழை மெல்லத் திருப்பி இழுவை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைசிவரை சுற்றி, இருட்டில் எடுத்து, பழைய பிலிம் கழுவத் தெரிந்தவரிடம் கறுப்பு வெள்ளையாகக் கழுவக் கொடுங்கள். எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் இப்படிக் கிடைத்த ரோலில் ஒரே ஒரு படம்தான் தேறியது. முற்றத்தில் காயப்போட்ட மிளகாய், அதன் ஓரத்தில் ஒரு பெண்ணின் கொலுசுக் கால். யார் என்று இன்னும் வீட்டில் பேச்சு நடக்கிறது.

ரோலை எடுத்தாயிற்றா? உள்ளே இப்போது ஒரு பக்கக் குழியில் காலி ஸ்பூல் நிற்கிறது. அதை எடுத்து மறுபக்கத்துக்கு மாற்றி, குமிழின் பல் ஸ்பூலின் பிளவில் விழும்வரை திருகி, பின்மூடியைச் சாத்திவிட்டு எழுந்திருங்கள்.